மறுமொழி: முகப்பு விளக்கின் ‘கட்-ஆஃப்’ — ஒளிவரப்பு எனலாமா?

வணக்கம்.

மூன்று நாளாக இந்த மடலிழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். கோவை நண்பர் தம் காருக்கு இன்னும் வெளிச்சமாக, இன்னும் வெள்ளையாக எரியும் பல்பு தேடப் போனார், பெட்டியில் ‘6000 கே’ என்று போட்டிருப்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டார், அவ்வளவுதான், நாம் எல்லாரும் நிறத்தைப் பிடித்துக்கொண்டோம். எந்த பல்பு வாங்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை பாவம். நான் இரண்டையும், தலைப்பில் உள்ள கட்-ஆஃப் என்கிற, டிம் வெளிச்சத்தை மேலே ஏறவிடாமல் நிறுத்தும் கோட்டையும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் நிறம். அந்த ‘கே’ கெல்வின், ஒளியின் நிறத்தைச் சொல்லும் ‘நிற வெப்பநிலை’யின் அலகு. இழையில் ஒருவர் எழுதியிருந்தார்:

> ‘நிற வெப்பநிலை’ என்றால் பல்பு எவ்வளவு சூடாகும் என்றுதான் கடைக்காரர் நினைப்பார். ‘வெண்மையளவு’ என்று வைத்துவிடலாமே?

வேண்டாம் ஐயா. வெண்மையளவு என்று வைத்தால் எண் கூடக்கூட வெண்மை கூடும் என்று ஆகிவிடும். அப்படி இல்லை. 3000 கெல்வினில் மஞ்சள், 5000 முதல் 6000 வரை பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை, 8000 தாண்டினால் நீலம். 8000 கெல்வின் பல்பை வெண்மை அதிகம் என்று தமிழ்ப் பெயரே சொல்லி விற்றுக்கொடுத்துவிடும். அதைவிட மோசம், கடையில் ஏற்கெனவே கெல்வினை வெளிச்சத்தின் அளவாகத்தான் பேசுகிறார்கள். “ஆறாயிரம் போடவா, எட்டாயிரம் போடவா சார்?” என்று கேட்கிறார், எட்டாயிரம் என்றால் இரண்டாயிரம் கூடுதலாகக் கிடைக்கிற மாதிரி.

நிற வெப்பநிலை என்ற சொல் அப்படியே இருக்கட்டும். அதில் வரும் வெப்பநிலை வெறும் உவமையும் அல்ல, ஹாலஜன் பல்பைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட நிஜமான வெப்பநிலைதான். கொல்லன் உலையில் இரும்பு முதலில் செக்கச் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், இன்னும் ஊதினால் வெளுக்கும், அதே கதைதான். ஹாலஜனில் எரிவது டங்ஸ்டன் இழை, சுமார் 3200 கெல்வினில் எரிகிறது. டங்ஸ்டன் உருகுவதே 3695 கெல்வினில். ஆக, ஹாலஜன் பல்புப் பெட்டியில் 5000 கெல்வின் என்று அச்சடித்திருந்தால் உள்ளே இருக்கும் இழை என்றைக்கோ உருகி ஓடியிருக்க வேண்டும்! நடப்பது வேறு: கண்ணாடிக்கு நீலப்பூச்சு பூசி, மஞ்சளையும் சிவப்பையும் வடிகட்டிவிடுகிறார்கள். வெள்ளையாகத் தெரிகிறது, சாலையில் விழும் வெளிச்சம் குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட இழையை இன்னும் சூடாக எரியவிட்டால் பல்பின் ஆயுள் குறைகிறது. வெப்பநிலை என்ற சொல் இருப்பதால்தானே இந்தப் புரட்டைப் பிடிக்க முடிகிறது? வெண்மையளவு என்று மாற்றினால் இதுவும் போய்விடும்.

வெள்ளைதான் உயர்ந்தது என்பதும் ஒரு பழக்கம்தான். பிரான்சில் 1930களின் பிற்பகுதியில் தொடங்கி 1993 வரை காரின் முகப்பு விளக்கு மஞ்சளாக இருக்க வேண்டும் என்பது சட்டம்.

சரி, இனி நான் சொல்ல வந்தது.

போன மாதம் ஒரு ராத்திரி புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கிக்குப் போய்க்கொண்டிருந்தேன். நால்வழிச் சாலையாக இருந்தால் நடுத்திட்டில் அரளி வைத்திருப்பார்கள், எதிர்வண்டி வெளிச்சத்தைப் பாதியாவது அது வாங்கிக்கொள்ளும். இங்கே அதெல்லாம் இல்லை. எதிரே ஒரு கார், வெள்ளை எல்.இ.டி. பல்பு மாற்றியது. நான் டிம்-பிரைட் அடித்துக் காட்டினேன், அவரும் பதிலுக்கு அடித்துக் காட்டினார், அப்போதுதான் தெரிந்தது, அவர் ஏற்கெனவே டிம்மில்தான் வருகிறார் என்று. டிம்மே அப்படி. அவர் கடந்து போன பிறகும் சில நொடி எனக்குக் கண்ணில் வெள்ளைத் திட்டு. அந்தத் திட்டுக்குப் பின்னால் இடது ஓரத்தில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர், பின்பக்கம் ஒரு சிவப்பு விளக்குகூடக் கிடையாது. பிரேக் பிடித்தது என் திறமை இல்லை, வைக்கோல் வாசனை வந்தது, கால் தானாகப் போயிற்று.

வீட்டுக்கு வந்து இதை ஒரு நண்பரிடம் விளக்க உட்கார்ந்தால் சொல் இல்லை. “லைட் ஏறி அடிக்குது” என்று பட்டறையில் சொல்வார்கள், அது நல்ல பேச்சு, ஆனால் எதைத் தாண்டி ஏறி அடிக்கிறது? அந்த எதற்குத்தான் தமிழில் பெயர் இல்லை. ஆங்கிலத்தில் கட்-ஆஃப் என்கிறார்கள்.

காரைச் சுவருக்கு எதிரே நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள். சுவரில் கீழே வெளிச்சம், மேலே இருட்டு, இடையில் கத்தியால் கீறினாற்போல ஒரு கோடு. நம் ஊர் போல இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளில் அந்தக் கோடு வலப்பக்கம் மட்டமாகப் போகும், எதிரே வருகிறவர் கண் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. இடப்பக்கம் மட்டும் 15 பாகை மேலே சரியும், ஓரத்தில் நடக்கிறவரும் மைல்கல்லும் பெயர்ப்பலகையும் தெரிவதற்காக.

இந்தக் கோடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பல கார்களில் இருக்கும் எச்4 என்ற ஹாலஜன் பல்பை வடிவமைத்தவரைக் கும்பிடத் தோன்றுகிறது. பல்புக்குள் இரண்டு இழை (நம் மடலிழை இல்லை, டங்ஸ்டன் இழை). 60 வாட் இழை பிரைட்டுக்கு, 55 வாட் இழை டிம்முக்கு. டிம் இழை, பின்னால் இருக்கும் குழியாடியின் குவியத்துக்குச் சற்று முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து ஆடியின் மேல்பாதியில் படும் ஒளி கீழ்நோக்கிச் சாலைக்குப் போகும். கீழ்பாதியில் பட்டால் மேல்நோக்கி எதிராளி கண்ணுக்குப் போகும். அதனால் டிம் இழைக்கு அடியில் சின்னக் கரண்டி மாதிரி ஓர் உலோகத் தகடு வைத்து, கீழே போகும் ஒளியை மறித்துவிட்டார்கள். அந்தக் கரண்டியின் விளிம்புதான் சுவரில் கோடாக விழுகிறது. 15 பாகைச் சரிவுகூட அந்தத் தகட்டில் ஒரு பக்கத்தைச் சரித்து வெட்டியதால் வருவதுதான்.

இப்போது அதே துளையில் எல்.இ.டி. பல்பைச் செருகினால்? இழை இருந்த இடத்தில் ஒரு பட்டையின் இரண்டு பக்கமும் சில்லுகள். இடம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறினாலே ஆடிக்கு வேறு கணக்கு ஆகிவிடுகிறது. கோடு கலைந்து வெளிச்சம் எல்லாப் பக்கமும் வழிகிறது. ஓட்டுகிறவருக்கு வண்டியின் மூக்குக்கு முன்னால் பளிச்சென்று இருக்கும், ஆகா என்று இருக்கும். 60 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் கூடியிருக்காது. 35 வாட் ஜெனான் (இழை இல்லாமல், வாயுவில் மின்வில் எரியும் பல்பு) போடுகிறவர்களுக்கும் இதுதான். லூமென் என்பது பல்பு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. ஜெனான் பல்பு 3200 லூமென், எச்4 டிம் ஏறக்குறைய 1000 லூமென். மூன்று மடங்கு தண்ணீரை அதே வாய்க்காலில் விட்டால் என்ன ஆகும்?

தண்ணீர் என்று சொன்னதும்தான் எனக்குச் சொல் கிடைத்தது. ஒளிவரப்பு.

வயலில் நீரை நிறுத்துவது வரப்பு. வரப்பு நன்றாக இருந்தால் நம் வயல் நிறையும், பக்கத்து வயல்காரர் சண்டைக்கு வர மாட்டார். டிம் வெளிச்சத்தின் வேலையும் அதேதான். “வரப்பு உடைஞ்ச லைட்டு” என்றால் பட்டறைப் பையனுக்கும் புரியும். முன்பு யாரோ எழுதிய ‘வெட்டுக்கோடு’ ஆங்கிலச் சொல்லைச் சட்டை மாற்றி அனுப்பியது போல இருக்கிறது. ‘ஒளிவிளிம்பு’ பரவாயில்லை, ஆனால் விளிம்பு எதற்கும் இருக்கும், அது எதையும் தடுத்து நிறுத்துவதில்லை.

(போலீஸ்காரர்கள் முகப்பு விளக்கின் நடுவில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்களே, அதனால் வரப்பு வராது. வெளிச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.)

கோவை நண்பருக்கு: பல்பு மாற்றுவதற்கு முன் மீட்டர் வைத்துப் பாருங்கள். என் பழைய காரில் பேட்டரியில் 13.5 வோல்ட், பல்பு ஹோல்டரில் 12 வோல்ட். ஒன்றரை வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் இழை பல்பின் ஒளி, மின்னழுத்தத்தின் 3.4ஆம் அடுக்கில் ஏறி இறங்குகிறது, கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் ஒயரிலேயே போய்க்கொண்டிருந்தது. ரிலே (சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்து, பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் இழுத்தேன். மஞ்சளேறிய பிளாஸ்டிக் முகப்பை வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துப் பாலிஷ் செய்தேன். பல்பு அதே 60/55, நீலப்பூச்சு இல்லாதது. இப்போது நிறமும் முன்னைவிட வெள்ளை, ஏனென்றால் இழை அதற்குரிய சூட்டில் எரிகிறது. 100/90 வாட் பல்பு பக்கம் போகாதீர்கள். டிம்மில் 55 வாட்டுக்கு நாலரை ஆம்பியர் போன ஒயரில் ஏழரை ஆம்பியர் போகும், ஹோல்டர் இளகும், ஆடியும் கருகும்.

ஒளிவரப்பு பற்றி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

*

வணக்கம் ஐயா, லண்டனிலிருந்து எழுதுகிறேன், ஊர் மட்டக்களப்பு. சொல் வடிவாக இருக்கிறது. ஒன்று மட்டும். எங்கட பக்கம் வயலில் இருப்பது வரம்பு, வரப்பு இல்லை. ‘வரம்பால நடந்து வா’ என்றுதான் அப்பா கூப்பிடுவார். வரப்பு என்று எழுதினால் எங்களுக்கு விளங்கும், ஆனால் வாயில் வராது. இங்கே ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. என்ற வாகனத் தகுதிச் சோதனையில் நீங்கள் சொல்லும் கோட்டைக் கருவி வைத்துப் பார்க்கிறார்கள். ஹாலஜனுக்குச் செய்த விளக்கில் எல்.இ.டி. பல்பு மாற்றியிருந்தால் பொதுவாகத் தேறாது.

*

பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில்: சொல்லாய்வு சரி, ஆனால் எல்.இ.டி. என்றாலே கெட்டது என்று எழுதிவிட்டீர்கள். ஜெர்மனியில் 2020இல் ஆஸ்ராம் நிறுவனத்தின் எச்7 (ஒற்றை இழை பல்பு வகை) எல்.இ.டி. மாற்றுப் பல்புக்குச் சட்ட அனுமதி கிடைத்தது. தவிர, மாணவர்களில் பாதிப் பேர் வரப்பையே பார்த்ததில்லை.

*

இருவருக்கும் நன்றி.

ஜெர்மனி அனுமதி உண்மை. ஆனால் அது எந்த காருக்கும் போடலாம் என்ற அனுமதி இல்லை, குறிப்பிட்ட கார் மாடல்களின் விளக்கில் சோதித்துப் பார்த்து, அந்த மாடல்களுக்கு மட்டும் கொடுத்தது. எதைச் சோதித்தார்கள்? வரப்பு கலைகிறதா என்பதையும்தானே. எல்.இ.டி.யோடு எனக்குப் பகை இல்லை. தொழிற்சாலையிலேயே எல்.இ.டி.க்கென்று வடிவமைத்த விளக்கு என்றால் எனக்கும் ஆசைதான், காசுதான் இல்லை.

மாணவர்கள் வரப்பைப் பார்த்ததில்லை என்பதற்கு மட்டக்களப்பு நண்பர் எழுதியதிலேயே விடை இருக்கிறது, எனக்கு அது தோன்றவே இல்லை. வரம்பு என்றால் அவர்களுக்கு வயல் வரம்பு. நமக்கு எல்லை, ‘வரம்பு மீறாதே’ என்கிற வரம்பு, அதைப் பட்டணத்துப் பிள்ளைக்கும் தெரியும். எதிரே வந்த அந்த கார் செய்ததும் வரம்பு மீறியதுதான். ஆகவே என் வரப்பை நானே வெட்டிவிடுகிறேன். ஒளிவரம்பு.

இதிலிருந்து மற்றவையும் எளிதாக வரும். வரம்புச் சாய்வு: கோடு எவ்வளவு தாழ வேண்டும் என்பது. பல கார்களில் ஒரு சதவீதம், அதாவது 10 மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் விளக்கின் உயரத்துக்கு 10 செ.மீ. கீழே. விளக்கு தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருந்தால் அந்த வரம்பு 65 மீட்டரில் சாலையைத் தொடும். பின்சீட்டில் நாலு பேர் ஏறி டிக்கியில் அரிசி மூட்டையும் வைத்தால் வண்டியின் மூக்கு தூக்கும், வரம்பும் கூடவே ஏறும். ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னச் சக்கரம் பல கார்களில் இருக்குமே, அது அதை இறக்கத்தான். அதற்கு ‘வரம்பு திருகி’ என்று எழுதிவைத்திருக்கிறேன், யாராவது நல்லதாகச் சொன்னால் மாற்றிக்கொள்கிறேன்.

டிம், பிரைட் இரண்டுக்கும் தாழ்கதிர், உயர்கதிர் என்று நம் கலைச்சொல் பட்டியலில் இருக்கிறது. இருக்கட்டும். நான் சாலையில் டிம் என்றுதான் சொல்லப்போகிறேன்.

கோவை நண்பரே, மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா? ஹோல்டரில் எத்தனை வோல்ட் வந்தது?