கண்மாய்க் கணக்கை உலகத்துக்குத் திறந்து விடலாமா?

செம்மண்காடு:
திருப்பத்தூர், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கண்மாய்கள்ல தன்னார்வலர்கள் எடுத்த பறவை, ஆமை, செடிக் கணக்கெல்லாம் தனித்தனி எக்செல் தாள்ல தூங்குது. இதை ஒரு நிறுவனத்தின் பேர்ல ஜிபிஐஎஃப் தளத்துல ஏத்தணும்ங்கிறது என் கட்சி. பல நாட்டு அரசுகள் சேர்ந்து 2001-ல தொடங்கின உயிரினத் தரவு வலையம் அது, செயலகம் கோபன்ஹேகன்ல. யார் வேணும்னாலும் காசில்லாம எடுக்கலாம். நீலச்சிறகி வாத்து வடக்கே சைபீரியா வரைக்கும் போய் முட்டை வைக்குது, குளிருக்கு நம்ம கண்மாய்க்கு வருது. மத்திய ஆசிய வலசைப் பாதையில மட்டும் 30 நாடு. பேரேடு ஆளுக்கு ஒரு ஊர்ல இருந்தா ஐந்தொகை எப்படிப் போடுறது?

ஊருணிக்கரை:
தம்பி, பேரேடு எழுதுறவன் இங்கே, லாபம் பார்க்கிறவன் எங்கேயோ. அதுதான் பழைய கதை. காயத்தை ஆற்றும் மஞ்சளுக்கு அமெரிக்காவில் 1995-ல் காப்புரிமை கொடுத்தார்கள், 1997-ல் ரத்தாக்க வேண்டியிருந்தது. வேம்புக்கு ஐரோப்பாவில் 1994-ல் கொடுத்தது, மேல்முறையீடெல்லாம் முடிந்து அடங்க 2005 ஆனது. அந்தத் தாள்களில் செடிப் பேருக்குப் பக்கத்தில் "எந்த நோவுக்கு" என்று ஒரு பத்தி இருக்கிறதே, அதையும் சேர்த்தா ஏற்றப் போகிறீர்கள்?

செம்மண்காடு:
அண்ணே, மஞ்சள் காப்புரிமையை உடைச்சதே நாம ஏற்கெனவே எழுதி அச்சுல வச்சிருந்த ஆதாரத்தைக் காட்டித்தானே? பூட்டி வச்சிருந்தா எதைக் காட்டியிருப்போம்?

ஊருணிக்கரை:
அந்தப் பாடத்துக்குப் பிறகு நம் அரசு என்ன செய்தது என்றும் பாருங்கள். 2001-ல் பாரம்பரிய அறிவு மின்நூலகம் தொடங்கினார்கள். அதை ஊருக்கெல்லாம் திறந்து விடவில்லை. ஒப்பந்தம் போட்டுக் காப்புரிமை அலுவலகங்களுக்குத்தான் கொடுத்தார்கள். எழுதி வைப்பது வேறு, திறந்து வைப்பது வேறு.

பத்தாயம்:
இரண்டு பேரும் இரண்டு வேறு பண்டத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். "இந்தத் தேதியில் இந்த இடத்தில் 40 நத்தைக்குத்தி நாரை" என்பது நோக்கல் பதிவு. "இந்த வேரை அரைத்துக் கொடுத்தால் விஷம் இறங்கும்" என்பது வழிவழி அறிவு. 2002 பல்லுயிர்ச் சட்டம் உயிர்வளத்தோடு அதைச் சார்ந்த அறிவையும் சேர்த்தே காக்கிறது. வெளிநாட்டார் அதைத் தொட வேண்டுமானால் சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அந்த அறிவு போக வேண்டிய இடம், அந்தச் சட்டப்படி ஊர்தோறும் எழுதும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. ஜிபிஐஎஃப் கேட்கும் பத்திகளில் "எந்த நோவுக்கு" என்று ஒன்று கிடையாது. ஆனால் "குறிப்பு" என்று ஒரு பத்தி உண்டு, எல்லாம் கசிவது அந்த வழியாகத்தான். ஆகவே மருந்துப் பத்தியைத் தாளிலிருந்தே வெட்டி எடுத்துவிட்டுப் பிறகு பேசுங்கள்.

வளவுவாசல்:
பல்லுயிர்ப் பதிவேட்டைப் பெரிதாக நம்ப வேண்டாம். 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காவிட்டால் மாநிலங்களுக்கு மாதம் 10 லட்சம் அபராதம் என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. அந்த அவசரத்தில் எழுதியவற்றில் பக்கத்து ஊர்ப் பட்டியலை அப்படியே படி எடுத்ததும் உண்டு. நாரைக் கணக்கை அதற்குள் போட்டுப் புதைக்காதீர்கள்.

செம்மண்காடு:
அதைத்தான் நானும் சொல்றேன் அக்கா. 2023-ல வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையைப் பாருங்க. 942 இனத்தை அலசி, 178-க்கு உடனடிக் கவனம் வேணும்னு சொன்னாங்க. அதுக்கு அடிப்படை, 30,000-க்கும் மேற்பட்ட ஆட்கள் ஈபேர்டுங்கிற பறவைப் பதிவுத் தளத்துல போட்ட 3 கோடிப் பதிவு. நம்ம பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் அந்த வழியாத்தான் போகுது. ஈபேர்டுல போட்டது பிறகு ஜிபிஐஎஃப்புக்கும் போயிடுது. கதவு ஏற்கெனவே திறந்துதான் கிடக்கு.

பத்தாயம்:
அதிலேயே முதல் சிக்கல் இருக்கிறது. ஈபேர்டில் போட்ட அதே பட்டியலை எக்செல்லிலிருந்தும் ஏற்றினால் ஒரே நாரை இரண்டு நாரை ஆகிவிடும். முதலில் அவற்றைக் கழியுங்கள்.

அந்தத் தாள்களில் நான்கு வரி மாதிரிக்கு எடுத்துப் பார்த்தாலே மற்றது தெரிந்துவிடும். வேட்டங்குடிப் பறவைச் சரணாலயம் ஏறக்குறைய 10.1 வடக்கு, 78.5 கிழக்கு. ஒரு வரியில் இரண்டு எண்ணும் இடம் மாறியிருக்கிறது. அப்படியே ஏற்றினால் நம் கொக்கு ஸ்வால்பார்டுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். இன்னொன்றில் இடம் காலி. மென்பொருள் அதைச் சுழியம், சுழியம் என்று நிரப்பினால் கினி வளைகுடா. தேதி 3/4/2023 என்று இருக்கிறது, அது ஏப்ரலா மார்ச்சா? 2023-04-03 என்று ஆண்டை முன்னே வைத்து எழுதுங்கள். நாலாவதில் பேர் "கொக்கு", அவ்வளவுதான். உண்ணிக்கொக்கா, சின்னக்கொக்கா, மடையானா? அறிவியல் பேர் இல்லாத வரி எதற்கும் உதவாது. அந்தப் பேரும் மாறிக்கொண்டே இருக்கும். பபுல்கஸ் ஐபிஸ் என்றிருந்த நம் உண்ணிக்கொக்கு இப்போது ஆர்டியா கோரமண்டா. (கோரமண்டா வேறொன்றுமில்லை, நம் சோழமண்டலக் கரைதான்!) பழைய பேரையே எழுதினாலும் தளம் பொருத்திக்கொள்ளும், எழுத்துப்பிழை மட்டும் கூடாது.

கரையில் நடந்து எண்ணியதற்குக் கண்மாயின் நடுப்புள்ளியைக் கொடுத்தால் "இடப்பிழை எத்தனை மீட்டர்" என்ற பத்தியை நிரப்பியே ஆக வேண்டும். கண்மாய் ஒன்றரைக் கிலோமீட்டர் அகலமென்றால் 800 என்று போடலாம். காலியாக விட்டால் வரைபடம் போடுகிறவர்கள் அந்த வரியையே தூக்கி எறிவார்கள். ஒவ்வொரு வரிக்கும் மாறாத அடையாள எண் வேண்டும். வரிசை எண்ணை அதற்குப் பயன்படுத்தாதீர்கள், நடுவில் ஒரு வரி சேர்ந்தால் அடுத்த முறை எல்லாம் புதுப் பதிவாக ஏறும். கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்காவிட்டால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறி.

கடைசியாக, பறவை இல்லாத நாள். சித்திரையில் கண்மாய் வற்றி ஒன்றுமே இல்லையென்றால் "இல்லை" என்றும் ஒரு பதிவு வேண்டும். எத்தனை நிமிடம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதோடு. அது இல்லாமல் வெறும் "கண்டேன்" பட்டியலை வைத்துக் கூடியதா குறைந்ததா என்று யாரும் சொல்ல முடியாது.

ஊருணிக்கரை:
இதெல்லாம் சரி. வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் நாரைகள் கலையக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊரின் பொறுமைக்கு உங்கள் அட்டவணையில் எந்தப் பத்தி?

செம்மண்காடு:
"உரிமையாளர்"ங்கிற பத்தியில ஊர்ப் பேரைப் போடலாம்ணே. தளத்துல மூணே உரிமம்தான் ஏத்துக்கிறாங்க: எந்த நிபந்தனையும் இல்லாதது, பேர் சொல்லி எடுக்கிறது, பேர் சொல்லி வியாபாரம் இல்லாம எடுக்கிறது. ரெண்டாவதை எடுப்போம். பதிவிறக்கம் ஒவ்வொண்ணுக்கும் டிஓஐங்கிற மாறாத அடையாள எண் ஒண்ணு கிடைக்கும், யார் எந்தக் கட்டுரைக்கு எடுத்தாங்கன்னு பின்னாடி தேடலாம்.

ஊருணிக்கரை:
மூன்றாவதை எடுங்கள் தம்பி, வியாபாரம் வேண்டாம். ஒருமுறை இறக்கியதைத் திரும்ப வாங்க முடியாது. மரபணு வரிசைத் தரவால் லாபம் பார்க்கும் கம்பெனிகளுக்காக 2025 பிப்ரவரியில் "காலி நிதி" (காலி என்பது கொலம்பியாவில் ஒரு நகரம்) தொடங்கினார்கள். லாபத்தில் 1 சதவீதம் அல்லது வருவாயில் 0.1 சதவீதம் என்கிறார்கள். கட்டாயமில்லை, மனமிருந்தால் கொடுக்கலாம். மனமிருக்குமா?

வளவுவாசல்:
மூன்றாவதை எடுத்தால் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை எழுதும் தனியார் ஆலோசகர்கள் "எடுக்க உரிமமில்லை" என்று நம் தரவைக் கழற்றி விடுவார்கள். கண்மாய்க்குள் சாலை போடும் திட்டம் வரும் நாளில் நம் பதிவு அந்த அறிக்கையில் இருக்க வேண்டாமா? நான் இரண்டாவது பக்கம்.

ஊருணிக்கரை:
சரி, நாரைக்கு இரண்டாவதே இருக்கட்டும். நட்சத்திர ஆமைக்கு? 2019-ல் பன்னாட்டு வணிகத்தைத் தடுக்கும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கு ஏற்றிய பிறகும் அதைக் கடத்துகிறார்கள். சீன, வியட்நாம் எல்லையில் ஒரு குகைப் பல்லியை 1999-ல் புது இனமென்று இடத்தோடு எழுதினார்கள், பிடித்து விற்கிறவன் அதைப் படித்துவிட்டு நேராக அங்கே போனான்.

செம்மண்காடு:
ஆமைக்கு மட்டும் இட எண்ணுல தசமத்துக்குப் பிறகு ஒரே இலக்கம் வைப்போம். 0.1 பாகைன்னா சுமார் 11 கிலோமீட்டர். மங்கலாக்கினோம்னு அதுக்குரிய பத்தியில எழுதிடுவோம்.

பத்தாயம்:
போதாது. "இடம்" பத்தியில் கண்மாய்ப் பேர் தமிழில் எழுதியிருக்கிறது, அதையும் ஊராட்சி ஒன்றிய அளவுக்கு மாற்றுங்கள். புகைப்படத்தில் ஜிபிஎஸ் ஒட்டியிருக்கும், அதைக் கழற்றுங்கள். அதற்கு மேலும் ஒன்று: அதே ஆள் அதே நாள் காலை 7 மணிக்கு எண்ணிய நாரைப் பதிவு துல்லியமான இடத்தோடு பக்கத்து வரியிலேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவனுக்கு ஆமை எந்தக் கரையில் என்று கண்டுபிடிக்க எத்தனை நேரம் ஆகும்?

செம்மண்காடு:
ஆமை வரிகளைத் தனித் தொகுப்பாப் பிரிச்சு, ஆள் பேரை எடுத்துட்டு, தேதியை ஆண்டு மட்டும்னு வைக்கிறேன்.

ஊருணிக்கரை:
பிரித்த தாளை ஏற்றுவதற்கு முன்னால் இங்கே காட்டுங்கள்.