கேரியருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1 (சென்னை)

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஒரு சொல்லில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டு விழிக்கிறேன். பரூக் பிளம்பர்க்கின் ஆய்வு வாழ்க்கையைப் பற்றி ஒரு சிற்றிதழுக்கு நெடுங்கட்டுரை எழுதிவருகிறேன். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமியின் அடையாளத்தை ரத்தத்தில் முதலில் கண்டவர், 1976-இல் மருத்துவ நோபல் வாங்கியவர். பாதிக் கட்டுரை ஓடிவிட்டது. 'கேரியர்' வந்த இடத்தில் வண்டி நின்றது.

ரத்தத்தில் கிருமி இருக்கும். ஆனால் காமாலை இல்லை, காய்ச்சல் இல்லை, வேலைக்குப் போய்வந்துகொண்டிருப்பார். அவரைத்தான் ஆங்கில நூல்கள் கேரியர் என்கின்றன. அப்படியே போடலாமென்றால், நம்மூரில் கேரியர் சைக்கிளுக்குப் பின்னால் இருக்கும். இல்லையென்றால் சாம்பார் கொண்டுபோகும். போதாக்குறைக்கு இதழாசிரியர் 'பிளம்பர்க்கின் கேரியர்' என்று தலைப்பு வைத்திருக்கிறார். அது வேறு கேரியர்.

தவிர்த்துவிட்டும் எழுத முடியவில்லை. அவருடைய கேள்வியே அங்கேதான் தொடங்குகிறது. 1950-இல் மருத்துவ மாணவராகத் தென்னமெரிக்காவின் சுரிநாமில் முங்கோ என்ற பாக்சைட் சுரங்க ஊருக்குப் போகிறார். ஆற்று வழியே மட்டும் போகக்கூடிய ஊர். இந்தியா, ஜாவா, ஆப்பிரிக்கா, சீனா என்று பல வழிவந்தவர்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள். யானைக்கால் புழு எல்லோரையும்தான் கொசுக்கடி வழியாகத் தொடுகிறது. ஒருவருக்குக் கால் வீங்குகிறது, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றுமில்லை. ஏன் என்ற கேள்வியை மனிதர் பிறகு விடவே இல்லை.

அதற்காகத்தான் பல நாட்டு ரத்தத்தைச் சேர்த்தார். பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவரின் உடம்பு, தன்னிடம் இல்லாத புரதங்களுக்கு எதிராக எதையாவது உண்டாக்கி வைத்திருக்கும் என்பது கணக்கு. அகர் கூழில் நடுவே ஒரு குழி. அதில் அப்படிப்பட்டவரின் சீரம், அதாவது ரத்தத்தின் தெளிநீர். சுற்றிலும் உள்ள குழிகளில் ஊர் ஊராக வந்த சீரங்கள். இரண்டும் கூழுக்குள் கசிந்து சந்திக்கும் இடத்தில், பொருந்தினால் ஒரு மெல்லிய கோடு விழும். 1963-இல், ரத்தம் சரியாக உறையாததால் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்ட நியூயார்க் ஹீமோஃபீலியா நோயாளி ஒருவரின் சீரம், 24 சீரங்களில் ஒன்றோடு மட்டும் கோடு போட்டது. அந்த ஒன்று ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவருடையது. கூட வேலை பார்த்த ஹார்வி ஆல்டர் புரதச் சாயம் ஊற்றியதும் கோடு சிவந்தது. 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று ஊர்ப்பெயரையே வைத்தார்கள். ஆன்டிஜென் என்றால் உடம்பின் எதிர்ப்பைத் தூண்டும் பொருள். கிருமியா, பரம்பரைப் பண்பா என்று தெரியாத நிலையில் பெயரில் வேறெதையும் ஏற்றவில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பிறகு அவர் பிலடெல்பியாவுக்கு மாறினார். 1966-இல் டவுன் நோய்க்குறி உள்ள ஒருவரின் ரத்தத்தில், முன்பு இல்லாத ஆன்டிஜென் புதிதாகத் தோன்றியது. கூடவே கல்லீரல் அழற்சி. மறு ஆண்டு, ஆய்வகத்தில் வேலை பார்த்த பெண் ஒருவருக்கே உடம்பு சோர்ந்துபோனது. தன் சீரத்தைத் தானே குழியில் விட்டுப் பார்த்தார். மங்கலாகக் கோடு தெரிந்தது. அவருக்குக் காமாலை கண்டு, பிறகு முழுக்கக் குணமானது. அந்த ஆன்டிஜென் கல்லீரல் அழற்சிக் கிருமியின் அடையாளம் என்பது இப்படித்தான் தெளிவாகத் தொடங்கியது.

நம் ஊர்ப் பக்கமும் கதை வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவும் பிளம்பர்க்கும் சேர்ந்து 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் கீழாநெல்லி ஆய்வை வெளியிட்டார்கள். 30 நாள் மருந்து. தொடர்ந்து பார்க்க முடிந்தவர்களில், கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ஆன்டிஜென் மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு. பின்னால் வேறு நாடுகளில் செய்த ஆய்வுகளில் இந்த விளைவு கிடைக்கவில்லை என்பதையும் எழுதப்போகிறேன். சிக்கல் என்னவென்றால் அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே 'கேரியர்' இருக்கிறது!

பாடநூல்களில் தேடினால் 'நோய்க்கடத்தி' கிடைக்கிறது. கடத்தி என்றதும் எனக்குச் செம்புக் கம்பியும் விமான நிலையத்தில் பிடிபட்ட தங்கமும்தான் கண்ணில் வருகின்றன. சுமைதாங்கிக் கல்லை நினைத்துக்கொண்டு 'கிருமிதாங்கி' என்று எழுதிவைத்திருக்கிறேன். நோயே இல்லாதவரை 'நோய்தாங்கி' என்பது தப்பு என்பதால் கிருமி. உங்கள் கருத்து?

அன்புடன்,
செ.

மடல் 2 (யாழ்ப்பாணம்)

தம்பி செ.வுக்கு,

முப்பது வருசம் உயிரியல் படிப்பிச்சவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. எங்கட பக்கம் 'நோய்க்காவி' என்று ஒரு சொல் நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கு. காவுதல் எங்களுக்கு வீட்டுச் சொல். பிள்ளையைக் காவிக்கொண்டு போனாள் என்போம். உங்கட பக்கம் காவி என்றால் வேட்டியின் நிறம் என்று தெரியும். ஆனால் நான் இதை இங்கே பரிந்துரைக்கமாட்டேன். நோய்க்காவி என்று நாங்கள் பெரும்பாலும் நுளம்பைத்தான், உங்கட கொசுவைத்தான், சொல்லுறது. மனுசனையும் நுளம்பையும் ஒரே சொல்லில் கட்டுவது சரியில்லை.

'தாங்கி'யும் எங்களுக்கு ஒத்துவராது. எங்கட வளவில் தண்ணீர்த் தாங்கி ஒன்று நிக்குது. கிருமிதாங்கி என்று வாசித்தால், அதைக் கழுவி ஒரு வருசமாச்சு என்ற நினைப்புத்தான் எனக்கு வரும்.

'உறைகிருமியர்' என்று யோசித்துப் பார்த்தேன். உள்ளே உறைகிற கிருமி. பிறகு நானே அடித்துவிட்டேன். இந்த வைரசுக்கு மேலே ஒரு உறை இருக்கு, அந்த ஆன்டிஜெனே அந்த உறையில்தான் இருக்கு. மாணவன் குழம்பிப்போவான்.

மு.

மடல் 3 (மதுரை)

செ. அண்ணா, மு. ஐயா, வணக்கம்.

நான் இரத்த வங்கியில் ஆலோசகர் வேலை பார்க்கிறேன். முகாமில் கொடுத்த இரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் வந்தால், கொடுத்தவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்வது என் பொறுப்பு. இந்தச் சொல்லை நான் தினமும் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வருடம் ஒரு கல்லூரிப் பையன். வேறொரு இடத்தில் அவனிடம் 'நீ நோய்க்கடத்தி' என்று சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான். "நான் யாருக்கும் எதுவும் கடத்தலையே அக்கா" என்றான். வீட்டில் அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். சாப்பாட்டுத் தட்டில் இது பரவாது என்று அவன் அம்மாவுக்குப் புரியவைக்கவே அரைமணி நேரம் ஆனது. பிறந்தபோதே வந்திருக்கலாம் என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பது இன்னொரு அரைமணி நேரம்.

நான் சொல்வது எப்போதும் இதுதான்: "கிருமி இரத்தத்தில இருக்கு. ஈரல் டாக்டரப் பாருங்க, ஆறு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுங்க." ஆறு மாதம் கழித்தும் பாசிட்டிவ் வந்தால் அவர்களே கேட்டுவிடுவார்கள்: "அப்ப தங்கிடுச்சா?" படித்தவர், படிக்காதவர் எல்லாரும் கேட்பது இந்தச் சொல்லால்தான். கலைச்சொல் ஆக்கும் அளவுக்கு எனக்குத் தெரியாது. காதில் விழுந்ததைச் சொன்னேன்.

வ.

மடல் 4 (கோயம்புத்தூர்)

நண்பர்களே, சுருக்கமாக.

நீங்கள் தமிழ்ப்படுத்தும் சொல்லை மருத்துவர்கள் நாங்களே கைவிட்டு வருகிறோம். ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கம் 2017 வழிகாட்டுதலில் 'செயலற்ற கேரியர்' போன்ற பெயர்களை எடுத்துவிட்டு, நாட்பட்ட தொற்று, நாட்பட்ட அழற்சி என்று பிரித்துவிட்டது. சும்மா சுமந்துகொண்டிருப்பவர் என்றால் அவரும் சும்மா இருந்துவிடுகிறார். பத்து வருடம் கழித்து ஈரல் சுருங்கியோ புற்றுநோயோடோ வருகிறார். புதிதாக எழுதுவதில் 'நாட்பட்ட தொற்று' போதும். 1988 கட்டுரையின் தலைப்பை மட்டும் நாம் மாற்றி எழுத முடியாது. அதற்கு ஒரு சொல் தேவைதான்.

வ. சொன்ன 'தங்கல்' மருத்துவப்படியும் பொருந்துகிறது. ஆறு மாதத்துக்கு மேல் ஆன்டிஜென் இருந்தால் நாட்பட்டது என்பதுதான் எங்கள் வரையறை. பெரியவர்களுக்குத் தொற்றினால் 100-ல் 95 பேருக்கு மேல் தானே போய்விடும். பிறந்தவுடன் தொற்றிய குழந்தைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்குத் தங்கிவிடும். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி.

டாக்டர் ரா.

மடல் 5 (சென்னை)

வ. அம்மா, நீங்கள் கலைச்சொல் ஆக்கிவிட்டீர்கள். தெரியாமல் செய்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

என் 'தாங்கி'யில் துணைக்காலை எடுத்துவிட்டால் உங்கள் 'தங்கி'. ஒரு கால் போனதில் எவ்வளவு மாறிவிட்டது! தாங்குவது ஆள், தங்குவது கிருமி. அந்தப் பையன் எதையும் கடத்தவில்லை, காவவில்லை, தாங்கவும் இல்லை. வந்தது தங்கிவிட்டது. ரத்தத்தில் கண்டதைத்தான் இந்தச் சொல் சொல்கிறது, அவர் அதை என்ன செய்வார் என்பதைச் சொல்லவில்லை. கீழாநெல்லிக்குப் பெயர் வைத்தவரும் இலைக்குக் கீழே காய் தொங்குவதைப் பார்த்துத்தானே வைத்திருப்பார்.

பிளம்பர்க்கின் ஆய்வகப் பெண்ணுக்குக் கிருமி வந்து போனது. சென்னை ஆய்வில் இருந்தவர்களுக்குத் தங்கியிருந்தது. வந்துபோதல், தங்கல் என்று கட்டுரை முழுக்க இனி எழுதலாம். சொல்லப்போனால் பிளம்பர்க் தன் நோபல் உரையிலேயே கேரியர் நிலையின் அறச்சிக்கல்களுக்கு ஒரு பகுதியை ஒதுக்கியிருந்தார். அந்தப் பத்தியில் 'கடத்தி' என்று எழுதியிருந்தால் நகைப்பாகப் போயிருக்கும்.

நான் எழுதப்போவது: நிலைக்குக் 'கிருமித்தங்கல்', ஆளுக்குக் 'கிருமி தங்கியவர்'. 'கிருமித்தங்கி' என்று ஆளை ஒட்டிச் சுருக்க வேண்டாம், மறுபடி பட்டப்பெயராகிவிடும். வைரசு என்று போடாமல் கிருமி என்று விட்டதும் வேண்டுமென்றேதான். பித்தப்பையில் டைபாய்டு பாக்டீரியா தங்குபவருக்கும் இதே சொல் உதவும். ஹீமோஃபீலியா, தலசீமியா போன்ற பரம்பரை ரத்த நோய்களின் மரபணு கேரியருக்கு இது உதவாது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், மு. ஐயா; காவி அங்கே பொருந்துமா பார்ப்போம்.

லான்செட் தலைப்பு இப்போது இப்படி நிற்கிறது: 'ஹெபடைட்டிஸ் பி கிருமி நெடுநாள் தங்கியவர்களிடம் கீழாநெல்லியின் விளைவு'. மறுப்பு இருந்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள், நாளைக் காலை அச்சுக்குப் போகிறது. 'பிளம்பர்க்கின் கேரியர்' என்ற தலைப்பை ஆசிரியர் இன்னும் மாற்றவில்லை.

செ.