வெள்ளவத்தையில் ஓர் இளம் ஊழியரின் நத்தார்: என்ன பரிமாறலாம்?

கேள்வி:
எங்கள் ஒழுங்கையில், மோர்மன் என்று பலரும் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் மதப்பரப்புப் பணிக்கு வந்த இளம் ஊழியர்கள் இருவர் தங்கியிருக்கிறார்கள். இளையவருக்கு வயது 19. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள வீட்டைப் பிரிந்து அவர் கழிக்கும் முதல் நத்தார் இது. கரோல் கேட்கும்போது அந்தத் தம்பியின் முகம் வாடுவதைக் கண்டு அம்மா கலங்கிவிட்டார். நத்தாரன்று மதியம் அவரை அழைக்கலாமா?

பதில் 1:
இருவரையும் சேர்த்தே அழையுங்கள். அவர்கள் எங்கும் துணையோடுதான் செல்வார்கள். 1833ஆம் ஆண்டிலிருந்து வரும் அவர்களுடைய உணவு நெறிப்படி தேநீர், கோப்பி, மது எதுவும் ஆகாது. வந்தவருக்குத் தேநீர் கொடுக்காமல் அனுப்ப நம் வீடுகளில் மனம் வராது என்றாலும், அவர்களுக்கு இளநீர் கொடுங்கள். பிராந்தி ஊற்றிய கேக்கையும் தவிர்த்துவிடுங்கள்.

பதில் 2:
மதியமே பொருத்தமான நேரம். 2019 பெப்ரவரி வரை நத்தாருக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே வீட்டாருடன் பேச அவர்களுக்கு அனுமதி இருந்தது. இப்போது வாரந்தோறும் பேசலாம். டிசம்பரில் யூட்டா நமக்குப் பன்னிரண்டரை மணிநேரம் பின்னால் இருப்பதால், அங்கே காலை 7 மணிக்குத் தாயார் எழும்போது கொழும்பில் இரவு 7.30 ஆகியிருக்கும். அந்த அழைப்புக்கு அவர் அறையில் இருக்கும்படி, பொழுது சாயுமுன் அனுப்பிவிடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பிராந்தி சேர்க்காத கேக் ஒன்றை அம்மா தனியாகச் செய்கிறார். அதில் ஒரு பாதியை அறைக்கும் கொடுத்தனுப்புவோம்.