தாழ் புவிச் சுற்றுப்பாதை இணையத்துக்கு ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள் எதற்கு?

கேள்வி:
புவிநிலைப் பாதையில் (பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால், செயற்கைக்கோள் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் உயரமான பாதை) மூன்று செயற்கைக்கோள்கள் இருந்தாலே துருவப் பகுதிகள் நீங்கலாக உலகம் முழுவதையும் எட்டிவிடலாம் என்று படித்திருக்கிறோம். அப்படியிருக்க, செயற்கைக்கோள் இணையச் சேவைகளான ஒன்வெப் அறுநூற்றுக்கு மேலும் ஸ்டார்லிங்க் ஆயிரக்கணக்கிலும் தாழ்வான பாதையில் செலுத்தியிருப்பது ஏன்? தாமதத்தைக் குறைப்பது மட்டும்தான் நோக்கமா?

மறுமொழி 1:
தாமதமே முதற் காரணம். புவிநிலைப் பாதையின் உயரம் 35,786 கி.மீ. என்பதால், நம் கோரிக்கை மேலே சென்று தரை நிலையத்தில் இறங்கி, அதற்கான பதில் அதே வழியில் திரும்பி வருவதற்கு ஒளியின் வேகத்தில்கூட ஏறத்தாழ அரை நொடி ஆகிறது. காணொலி அழைப்பில் இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுத் தடுமாற இந்த அரை நொடி போதும். 550 கி.மீ. உயரத்தில், செயற்கைக்கோள் நேர் மேலே இருக்கும்போது, அதே பயணத்துக்கு ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனால் அந்த உயரத்தில் செயற்கைக்கோள் ஏறத்தாழ 95 நிமிடத்தில் பூமியைச் சுற்றிவிடுகிறது. நம் வானில் சில நிமிடங்களே தெரியும். அது மறைவதற்குள் அடுத்தது வந்தாக வேண்டும். ஒன்வெப் 1,200 கி.மீ. உயரத்தில் இயங்குவதால் குறைந்த எண்ணிக்கையே அதற்குப் போதுமானதாக இருக்கிறது. (அவற்றில் 72ஐ 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட் ஏவியது.)

மறுமொழி 2:
இந்த விளக்கம் பாதிதான். இரிடியம் நிறுவனம் 780 கி.மீ. உயரத்தில் வெறும் 66 செயற்கைக்கோள்களைக் கொண்டு 1998இலேயே உலகம் முழுவதும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. ஆகவே எல்லா இடத்தையும் எட்டுவதற்கு ஆயிரங்கள் தேவையில்லை. அகலக்கற்றைக்குத்தான் (அதிவேக இணையத்துக்குத்தான்) தேவை. செயற்கைக்கோள் கீழ்நோக்கி அனுப்பும் ஒரு ரேடியோ அலைக் கற்றை விழும் பகுதியிலுள்ள அனைவரும் அதன் கொள்ளளவைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது; அலைவரிசையோ வரம்புக்குட்பட்டது. எண்ணிக்கை கூடினால்தான் அதே அலைவரிசையைச் சிறு சிறு பகுதிகளில் மீண்டும் பயன்படுத்த முடியும். போதாக்குறைக்கு, பூமியின் பெரும்பகுதி கடல் என்பதால், எந்த நேரத்திலும் கணிசமான செயற்கைக்கோள்கள் வாடிக்கையாளர் அதிகமில்லாத நீர்ப்பரப்பின் மேல்தான் பறந்துகொண்டிருக்கும். நெரிசல் மிகுந்த நகரங்களில் கண்ணாடியிழைக் கம்பிக்கு இது மாற்றாகாது என்பதே என் கருத்து. கப்பல்களுக்கும் கம்பி எட்டாத மலைக் கிராமங்களுக்கும் இதுதான் வழி.

கேட்டவர்:
நன்றி. அவ்வளவு தாழ்வாகப் பறந்தால் கீழே விழுந்துவிடாதா?

மறுமொழி 2:
அந்த உயரத்திலும் மெல்லிய காற்று இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. ஆகையால் உந்துபொறியைக் கொண்டு உயரத்தைக் காத்து, சுமார் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதியவற்றை அனுப்ப வேண்டியுள்ளது. 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 210 கி.மீ. உயரத்தில் இருந்தபோது, சூரியப் புயலால் வளிமண்டலம் விரிந்து, ஏறத்தாழ நாற்பது எரிந்துபோயின. 840 செயற்கைக்கோள்களுடன் 1990களில் திட்டமிடப்பட்ட, இதேபோன்ற இணையத் திட்டமான டெலிடெசிக் 2002இல் நிறுத்தப்பட்டது. இப்படி அடிக்கடி புதியவற்றை அனுப்ப வேண்டியிருப்பதால், மீண்டும் பயன்படுத்தத்தக்க ராக்கெட் வந்து ஏவுசெலவு குறைந்த பிறகே இத்தகைய திட்டத்தைத் தொடர்ந்து நடத்துவது சாத்தியமாயிற்று.