பெரியம்மாவின் நோயைப் பற்றி மருத்துவருக்கு எழுதும் கடிதம்

கேள்வி (நெடுந்தீவிலிருந்து):
என் பெரியம்மாவுக்கு வயது 58. மாதவிடாய் நின்று 6 ஆண்டுகளான பின்பு, மூன்று வாரங்களாக இடையிடையே இரத்தம் படுகின்றது. குறிகட்டுவானுக்குப் படகேறி யாழ்ப்பாணம் செல்லத் தயங்கும் அவர், மருத்துவரிடம் வாய்திறந்து சொல்ல வெட்கமாயிருப்பதால், நான் கடிதமெழுதி ஆலோசனை கேட்டால் போதும் என்கிறார். கடிதத்தில் எவற்றை எழுத வேண்டும்?

பதில் (ஓய்வுபெற்ற தாதி):
தங்கச்சி, கடிதத்தை எழுதுங்கள். ஆனால் தபாலில் சேர்க்காமல், பெரியம்மாவின் கையிலேயே கொடுத்து மருத்துவரிடம் நேரில் காட்டச் சொல்லுங்கள். மாதவிடாய் நின்று 12 மாதங்கள் கடந்தபின் சிறிதளவு இரத்தம் பட்டாலும் பரிசோதனை அவசியம். பெரும்பாலும் யோனிச் சுவர் மெலிவு, கருப்பைத் தசைமுளை போன்றவையே காரணமாயிருக்கும். எனினும் கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இது இருக்கக்கூடும், தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். ஸ்கான் மூலம் கருப்பை உட்சவ்வின் தடிப்பை அளந்து, தேவையெனில் சிறு திசு எடுத்துப் பார்ப்பார்கள். இதனைக் கடிதம் செய்யாது. கடைசி மாதவிடாய் வந்த ஆண்டு, இரத்தம் பட்ட நாள்களும் அளவும், பிரசவங்கள், நீரிழிவு, இரத்த அழுத்தம், உட்கொள்ளும் மாத்திரைகள், குறிப்பாக இரத்தத்தை ஐதாக்கும் மாத்திரை, ஆகியவற்றை எழுதுங்கள்.

பதில் (மானிப்பாயிலிருந்து):
என் தாயாரும் இவ்வாறே வெட்கப்பட்டு ஐந்து மாதங்களைக் கடத்தினார். அந்தத் தாமதத்தை நினைக்க இன்றும் நெஞ்சு பதறுகின்றது. தூய தமிழில் எழுதவேண்டுமென்று வருந்தாதீர்கள், பெரியம்மா சொல்லும் சொற்களையே எழுதுங்கள். பெண் மருத்துவரை, அல்லது பரிசோதனையின்போது உடனிருக்க ஒரு தாதியை, தயங்காமல் கேட்கலாம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் பேசினால், போதனா வைத்தியசாலைப் பெண்நோயியல் கிளினிக்குக்குச் செல்லும் வழியைச் சொல்லுவார்.

கேட்டவர்:
மிக்க நன்றி. கடிதத்தைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாளை முதற்படகில் இருவரும் புறப்படுகின்றோம்.