எண்ணாமல் போட்ட கையெழுத்து: ஆபீஸ் உதவியாளர் அனுபவங்கள்

குரூப் 4 எழுதி 2014ல் தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். எனக்குக் கொடுத்த சீட்டில் மூன்று பீரோ, மேஜைக்கடியில் இரண்டு மூட்டை ஃபைல். முன்னால் இருந்தவர் மாறுதலாகிப் போகும் அவசரத்தில் சார்ஜ் லிஸ்ட்டை, அதாவது என்னிடம் ஒப்படைக்கும் ஃபைல்களின் பட்டியலை, நீட்டினார். "தம்பி, எல்லாம் சரியா இருக்கு, கையெழுத்துப் போடுங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு." போட்டேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு பட்டா மேல்முறையீட்டுக்காக வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) ஆபீசில் பழைய ஃபைல் ஒன்றைக் கேட்டார்கள். லிஸ்ட்டில் இருக்கிறது, பீரோவில் இல்லை. "கையெழுத்து உன்னுதுதானே?" துணை தாசில்தார் வேறெதுவும் கேட்கவில்லை. ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(அ) மெமோ வந்தது.

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் ரெக்கார்டு ரூமில் கிடந்தேன். கடைசியில் மூ.மு. கட்டில் அகப்பட்டது. வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஃபைலை முடிக்கும்போதே எத்தனை காலம் வைக்கணும்னு எழுதிவிட வேண்டும். ஓ.மு. ஓராண்டு, மூ.மு. மூன்று, ப.மு. பத்து, நி.மு. என்றால் நிரந்தரம். நி.மு. என்று எழுத வேண்டியதை யாரோ மூ.மு. என்று எழுதிவிட்டார். அழிக்க ஒதுக்கிய கட்டுக்குள் ஒரு குடும்பத்தின் நிலம் கிடந்தது. விளக்கம் வாங்கிக்கொண்டு மெமோவைக் கைவிட்டார்கள். அப்படி எழுதியவர் யாரென்று இன்றுவரை எவரும் கேட்கவில்லை. இதைச் சொன்னதும் வேறு ஆபீஸில் இருக்கும் இரண்டு பேர் தங்கள் கதையைச் சொன்னார்கள்.

தட்டச்சர், கலெக்டர் ஆபீஸ்:
பேருக்குத்தான் தட்டச்சர், தம்பி. ஆளில்லாத சீட் ஒன்றையும் சேர்த்துப் பார்க்கிறேன். திங்கள்கிழமை குறைதீர் கூட்டம் என்றால் மத்தியானச் சாப்பாடு 4 மணிக்கு. முதியோர் ஓய்வூதிய மனுவோடு வாராவாரம் ஒரு பாட்டி வருவாங்க. "போன வாரம் நீதானே சீல் குத்துன, காசு எங்கே?"ன்னு என்னைத்தான் கேப்பாங்க. நான் என்ன சொல்ல? மறுபடியும் குத்திக் கொடுப்பேன். அன்னிக்கு முழுக்கத் தண்ணி கம்மியாத்தான் குடிப்பேன். ஏன்னு பழைய கட்டடத்தில் வேலை பார்க்கும் பெண்களுக்குத் தெரியும்.

அட்மின் அசிஸ்டென்ட், கிண்டி:
எனக்குத் தனியார் கம்பெனி. கூரியர், கேப், ஏ.சி. ரிப்பேர், மேனேஜர் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுவது வரை நான்தான். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரின் கடைசி வரி "நிர்வாகம் அவ்வப்போது சொல்லும் பிற பணிகள்". என் வேலை முழுக்க அந்த வரிக்குள்தான். தட்டச்சர் மேடம், அரசு வேலையில் உங்களுக்கு 2021லிருந்து பிரசவ விடுப்பு 12 மாதம். எங்களுக்குச் சட்டப்படி 26 வாரம், அதையும் சண்டை போட்டு வாங்கினேன். உங்களுக்கு பேஸிக்கே 19,500ல் தொடங்குது, எனக்கு பி.எஃப். போகக் கைக்கு 16,000. குரூப் 4 மூணாவது தடவை எழுதப் போறேன்.

தாலுகா ஆபீஸ்காரர் (நான்):
எழுதுங்க. சேர்ந்ததும் சார்ஜ் லிஸ்ட்டையும் ஃபைலையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொண்ணா டிக் அடிங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சும்பார். அடுத்த பஸ்ஸில் போகட்டும்.