எல்க் வேட்டைக்கு .308 போதுமா, பெரிய தோட்டாவுக்கு மாறணுமா?

வணக்கம் மக்களே, கொலராடோல இருக்கேன், அக்டோபர் ரைஃபிள் சீசனுக்கு முதல்முறையா எல்க் (பெரிய வகை மான்) வேட்டைக்குப் போறேன். கைல இருக்கறது .308 வின்செஸ்டர் தோட்டா போடற ரைஃபிள், இதுவரைக்கும் சின்ன மான் மட்டும்தான் அடிச்சிருக்கேன். எல்க் கிடா 300 கிலோ வரும், தோள் எலும்பு நல்ல தடிமன், அதான் கூட வர்ற நண்பர் அதவிட சக்தியான .300 வின் மேக்னம் ரைஃபிள் வாங்குனு ஒரே பிடியா நிக்கறார். போன வாரம் ரேஞ்சுல அவரோடத சுட்டுப் பாத்தேன், நாலாவது ரவுண்டுலயே தோள்பட்டை கன்னிப்போச்சு, அப்புறம் எனக்குத் தெரியாம ஒரு டம்மி (வெடிமருந்து இல்லாத) தோட்டாவ போட்டுக் குடுத்தார், ட்ரிகர அழுத்தினதும் வெடிக்கல ஆனா பேரல் மட்டும் டக்குனு கீழ இறங்குச்சு, உதைக்குப் பயந்து முன்னாடியே உடம்பு குலுங்குதுனு அப்பதான் புரிஞ்சுது.

இங்க சட்டப்படி எல்க்குக்கு 85 கிரெய்ன் (புல்லட் எடைய அளக்கற அலகு) புல்லட், 100 யார்டுல 1,000 அடி-பவுண்டு சக்தி இருந்தா போதும், .308 அத தாராளமா தாண்டிடும். ஆனா காயத்தோட காட்டுக்குள்ள ஓடி ராத்திரி முழுக்க அது துடிச்சா என்னால தாங்க முடியாது.

165 கிரெய்ன் காப்பர் புல்லட் போட்டு 250 யார்டுக்குள்ள மட்டும் சுடலாம்னு இருக்கேன், தோள் எலும்புல பட்டாலும் நுரையீரல் வரைக்கும் போகுமா? இல்ல நடுவுல .30-06, 7எம்எம் ரெமிங்டன் மேக்னம் மாதிரி வேற தோட்டா வகைகளப் பாக்கலாமா? எல்க் அடிச்ச அனுபவம் இருக்கறவங்க என்ன புல்லட், எத்தன யார்டு, பட்டப்புறம் எவ்ளோ தூரம் ஓடுச்சுனு சொல்லுங்க ப்ளீஸ்.